தண்ணீர் விழும் கோடு

நீ ஒட்டுக்கேட்டவள். கோள் மூட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எந்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள், யாரைப் பெண் பார்க்கக் கம்பளையிலிருந்து ஆள் வருகிறது, யார் வீட்டில் ரொட்டி மா முடிந்துவிட்டது, எல்லாம் முதலில் உன் காதுக்குத்தான் வரும். பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது கடைசி வீட்டு மாமி எல்லார் முன்னாலும் உன்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு காது குத்துனது தோடு போடவாடி, இல்ல ஊர்க்கத ஊத்தவாடி?"

நீ குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னாய். "ரெண்டுக்குந்தான் மாமி. ஒங்க வீட்டுக் கதைன்னா மட்டும் தோட்ட கழட்டி வச்சுட்டுத்தான் கேப்பேன். அம்புட்டு பாரம் காது தாங்காது." மாமியே சிரித்துவிட்டாள்.

அந்தக் காதுக்கு இப்போது ஒரு செய்தி வந்திருக்கிறது. நீ இருந்திருந்தால் கண்டியிலிருந்து தெல்தோட்டை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மேட்டில் ஏறும்போதே கத்திச் சொல்லியிருப்பேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. துக்கத்தால் இல்லை, சந்தோஷத்தால்.

நான் இங்கிலிஷ் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் வகுப்பு உனக்குத் தெரியும். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால், பேக்கரிக்கு மேல் மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தகரக் கூரை மூஞ்சிக்கு நேராக இருக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை வெயில். திடீரென்று மழை. சூடேறிய தகரத்தில் முதல் தண்ணீர் விழுந்தால் ஒரு வாசனை எழும்புமே, துருவும் தூசியும் ஆவியும் கலந்து, அது நேராக வகுப்புக்குள் வந்தது. பேக்கரிப் பாண் வாசனையையே அமுக்கிவிட்டது. எனக்குப் பாடம் மறந்துபோனது. கூரைக்குக் கீழே முதுகு நனைய நீ நின்ற அந்த நாள் கண் முன்னால் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான், வத்தேகமவிலிருந்து வரும் ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள். கேள்வி கேட்கத் தொடங்கினால் விடவே மாட்டாள். வாசிப்புப் பாடத்தில் ஒரு சொல் வந்திருந்தது. ஈவ்ஸ்ட்ரொப்பர். ஒட்டுக்கேட்பவர் என்று நான் பலகையில் எழுதியிருந்தேன்.

"மிஸ், ஈவ்ஸ்னா கூரை ஓரம். ட்ரொப்னா சொட்டுறது. கூரை சொட்டுறதுக்கும் ஒட்டுக்கேக்கிறதுக்கும் என்ன மிஸ் சம்பந்தம்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர்கள் முன்னாலேயே போனில் பெரிய அகராதியைத் திறந்தேன். வாசித்துக்கொண்டே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டில் ஏதோ கெட்ட செய்தி என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள்.

கேள். அந்தச் சொல்லுக்கு வேரான ஈவ்ஸ்ட்ரொப் தொடக்கத்தில் கேட்பதைக் குறிக்கவே இல்லை. அது ஒரு நிலத்தின் பெயர். ஆயிரம் வருஷத்துக்கும் முந்திய இங்கிலிஷில், கூரையிலிருந்து வழியும் மழைத்தண்ணீர் வந்து விழுகிற மண்ணுக்கு அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். சுவருக்கும் தண்ணீர் விழும் கோட்டுக்கும் நடுவிலுள்ள துண்டு. வீடு கட்டுகிறவன் தன் காணியின் எல்லை வரை சுவரைக் கொண்டுபோய்விடக் கூடாது. தன் கூரைத் தண்ணீர் அடுத்தவன் மண்ணை அரிக்காமல் தன் மண்ணிலேயே விழ வேண்டும். அதற்காக இரண்டடி விட்டுக் கட்ட வேண்டும் என்று வழக்கம் இருந்திருக்கிறது. பழைய காணி உறுதிப் பத்திரம் ஒன்றில் அது எழுதியே இருக்கிறதாம். வெகுகாலம் கழித்துத்தான், அந்தத் துண்டில் வந்து நின்று வீட்டுக்குள் பேசுவதைக் கேட்கிறவனுக்கு அந்த நிலத்தின் பெயரே பட்டமானது. அதைக் குற்றமாக்கி மன்றத்தில் நிறுத்தித் தண்டித்தும் இருக்கிறார்கள். போகப் போக நிலம் மறந்துபோனது. காது மட்டும் மிஞ்சியது.

நம் தமிழில் காது சுவரில் ஒட்டுகிறது. அவர்களுக்கு ஆள் நிற்கிற மண்தான் பெரிதாகப் பட்டிருக்கிறது. நான் வகுப்பு முழுவதையும் ஜன்னலுக்குக் கூப்பிட்டு எதிர்க் கூரையைக் காட்டினேன். அந்தா, அந்தத் தண்ணீர் விழுகிறதே, அந்த இடம்தான் இந்தச் சொல் என்றேன். கீழே பேக்கரிக்காரர் மழைக்கு ஒதுங்கியவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வத்தேகமப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் ஏன் அழுகிறீங்க என்று கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

அந்த மண் துண்டு நமக்குத் தெரியாததா? நம் லயத்தின் முன்னால், கூரைத் தகரம் ஒவ்வொரு நெளிவிலும் கொட்டிக் கொட்டி, நிலத்தில் வரிசையாகக் குழி விழுந்திருக்கும். சின்ன வயதில் அந்தக் குழிகளில் புளியங்கொட்டை போட்டு விளையாடுவோம். தண்ணீர் விழும் வரைக்கும் நம் இடம், அதற்கு அப்பால் தோட்டத்து இடம். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் தண்ணீர் பீப்பா அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் இருக்கும். ரோசாச் செடி உள்ளேதான். சண்டை வந்தால் பெண்கள் காலால் அந்தக் குழிகளைத்தான் காட்டுவார்கள். ஒருமுறை தோட்டத்தில் புதுத் தகரம் போட்டார்கள். அது பழையதைவிட ஒரு சாண் நீளம். தண்ணீர் ஒரு சாண் தள்ளி விழுந்தது. அன்று சாயங்காலமே கடைசி வீட்டு மாமி அந்த ஒரு சாணில் வெங்காயம் நட்டுவிட்டாள். கங்காணி வந்து பார்த்துவிட்டு, குழியையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார். தலைமுறை தலைமுறையாக இந்த மலையைத் தேயிலையாக்கிய சனத்துக்கு, தன் மண் என்று காட்ட இருந்தது கூரைத் தண்ணீர் போட்ட கோடு ஒன்றுதான்.

உள்ளே இருந்த கதையும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவர் கூரை வரை போகாது. லயம் கட்டியவர்கள் கல்லை மிச்சம் பிடித்தார்கள், நம் வாழ்க்கையில். ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் நூறு வயசு என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்த உன்னை ஒட்டுக்கேட்கிறவள் என்று பேசினார்கள். காதை மூடிக்கொள்ள முடியாதபடி கட்டிவைத்துவிட்டு, கேட்டவளைக் குறை சொல்வது என்ன நியாயம்?

நீ அந்தக் காதை வைத்தே பிழைத்தாய். கண்டியில் நீ வேலை செய்த துணிக்கடைக்கு நான் வந்து உட்கார்ந்திருந்த சனிக்கிழமைகள் எத்தனை. ஒருநாள் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் சேலையைத் தடவித் தடவிப் பார்த்தார். விலையைச் சொன்னதும், "ஓம் பிள்ளை, நல்லாத்தான் இருக்கு, நான் பிறகு வாறன்" என்று எழும்பினார். நீ உடனே சேலையை மடித்து மேலே வைத்துவிட்டாய். அடுத்து வந்த முஸ்லிம் பெண்ணொருத்தி, "உம்மாட்ட கேட்டுட்டு வாறேன்" என்றாள். அவள் எடுத்த துணியை மட்டும் நீ மடிக்காமல் கைக்கெட்டுகிற இடத்தில் விட்டாய். அவள் உம்மாவோடு திரும்பி வந்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"பேசுறத என்னாத்துக்கு கேக்குற? நிறுத்துறதக் கேளு. அந்தம்மா வெலயக் கேட்டதும் படக்குனு பதில் சொல்லிட்டாங்க. இந்தப் புள்ள கொஞ்சம் நிறுத்திச்சு. நிறுத்துற எடத்துலதான் ஆளு மனசுல கணக்கு போடுறது."

பிறகு உன் அக்கா வந்தாள். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன அக்கா, சொன்ன காலத்துக்கு முன்பே, ஒரு சின்னப் பையோடு திரும்பி வந்தாள். அங்கே என்ன நடந்தது என்று அவள் எவரிடமும் சொல்லவில்லை. ஏஜென்சிக்காரன் போனை எடுக்கவில்லை. அவளை அனுப்பும்போது ஆயிரம் கையெழுத்து வாங்கியவர்கள், திரும்பி வந்ததும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அழுவதற்கு ஓர் இடம். தலையணையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாலும் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. மறுநாள் பீலியடியில் பெண்கள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் இரக்கம்தான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

என்னிடம் நீ அப்போது சொன்னதை நான் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகிறேன். "எல்லார் வீட்டு அழுகையும் எனக்கு கேட்டிருக்கு. ஏ அக்கா அழுகிறது மட்டும் யாருக்கும் கேக்கக் கூடாதுடி. கூரைய தொடுற செவரு ஒன்னு வேணும்."

வீட்டு முன்னாலுள்ள இஸ்தோப்பை, அந்தத் திண்ணையை, அடைத்து அறை கட்டினாய். துணிக்கடைக்கு வந்த பெட்டிகளின் பலகை, யாரோ கழித்துப் போட்ட கதவு, கடன் சொல்லி வாங்கிய கல். தண்ணீர் விழும் கோடு வரை கொண்டுவந்து நிறுத்தினாய். கோட்டைத் தாண்டி ஒரு விரல்கூட வைக்கவில்லை. மேலே, பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் பழைய துணியைச் சுருட்டிச் சுருட்டி அடைத்தாய். பிறகு என்னை உள்ளே உட்கார வைத்துக் கத்தச் சொல்லிவிட்டு, வெளியே போய் நின்று கேட்டாய். நான் என்ன கத்துவது என்று தெரியாமல் பெருக்கல் வாய்ப்பாட்டைக் கத்தினேன். "ஒன்னும் கேக்கல" என்று கதவைத் திறந்தபோது உன் முகத்தில் இருந்த சிரிப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக உன் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அதற்கு அப்படி ஒரு சிரிப்பு.

இரண்டு வாரம் போகவில்லை. அறையை உடைக்கச் சொல்லி கங்காணி வந்தார். தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையின் உத்தரவு. கொழும்பிலிருந்து கம்பனி ஆள் வருகிறார், ஆபீசுக்கு வந்து பேசிக்கொள்ளுங்கள் என்றார். நாம் போனோம். உன் அம்மாவையும் நம்மையும் வெளியே நிறுத்திவிட்டு, தொழிற்சங்கத் தலைவரை மட்டும் உள்ளே எடுத்தார்கள். நமக்கு விளங்காது என்று நினைத்து, நம் அறையைப் பற்றி இங்கிலிஷில் பேசினார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. நான் குடையோடு படியில் நின்றேன். நீ ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு போய் நின்றாய். அங்கே ஒரு வெறும் பெயின்ட் தகரம் கிடந்தது. கூரைத் தண்ணீர் அதில் விழுந்து டங் டங் என்று பேச்சை மறைத்தது. நீ தகரத்தை நகர்த்தவில்லை. நகர்த்தினால் சத்தம் நின்றது உள்ளே தெரிந்துவிடும் என்று பிறகு சொன்னாய். உள்ளங்கையை மட்டும் நீட்டி, கேட்க வேண்டிய நேரத்தில் சொட்டைக் கையில் வாங்கிக்கொண்டாய். மற்ற நேரம் விட்டுவிட்டாய்.

கொழும்பு ஆள் இங்கிலிஷில் கேட்டார், இப்படிக் கட்டக் கூடாது என்று விதி ஏதும் இருக்கிறதா. பெரிய தொரை நிறுத்தினார். எனக்குக்கூடக் கேட்கிற அளவுக்கு நிறுத்தினார். பிறகு, நாங்கள் எப்போதும் கூடாது என்றுதான் சொல்லிவந்திருக்கிறோம் என்றார்.

நீ நேராக உள்ளே போனாய். பாவாடையிலிருந்து தண்ணீர் தரையில் ஓட, கடையில் பொறுக்கிய இங்கிலிஷில் சொன்னாய். விதி இல்லை சேர், இருந்திருந்தால் அவர் உடனே சொல்லியிருப்பார். பெரிய தொரை முகம் சிவந்து, அந்த ஒரு சொல்லைத்தான் உன் மேல் எறிந்தார். ஈவ்ஸ்ட்ரொப்பர். கொழும்பு ஆள் சிரித்துவிட்டார். இருக்கட்டும், அறையை விட்டுவிடுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். வாயால் மட்டும்.

இறக்கத்தில் வரும்போது அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாய். ஒட்டுக்கேக்கிறவ என்றேன். "இம்புட்டுத்தானா? அவரு சொன்ன வேகத்துல நா வேற என்னமோன்னு பயந்துட்டேன்" என்றாய். தேயிலைக்கு நடுவில் நின்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் உன் அம்மா பயந்துபோனார்.

அந்த மனிதன் உன்னைத் திட்டுவதாக நினைத்து உன் நிலத்தின் பெயரை உன்னிடம் சொல்லியிருக்கிறான். இதைச் சொல்லத்தான் நான் செவ்வாய்க்கிழமையிலிருந்து துடிக்கிறேன். உனக்குச் சொல்ல முடியாததால் உன் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

நீ போன விதத்தை நான் எழுதப்போவதில்லை என்று நினைத்திருந்தேன். இரண்டு வரி எழுதுகிறேன். காய்ச்சலோடு தோட்டத்து மருந்துச்சாலைக்குப் போய், இது வழக்கமான காய்ச்சல் மாதிரி இல்லை என்று நீ சொன்னாய். பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். மறுபடி போனாய், மறுபடி பனடோல். கடைசியில் கொழுந்து ஏற்றும் லொறியில் உன்னைக் கிடத்தி இறக்கினோம், கலஹா தாண்டும் வரை நீ இருக்கவில்லை. நீ பேசியதும் அவர்கள் காதில் விழவில்லை, நிறுத்தியதும் விழவில்லை.

போனில் உன் அம்மாவுக்கு நான் சொன்னது பாதிதான் விளங்கியது. ஆனால் கூரைத் தண்ணீர் விழும் இடம் என்றதும் நிறுத்தினார். "அத ஏன் கேக்குற, அதத்தான் ஒடைக்க சொல்லியிருக்காங்க" என்றார். பெரிய தொரை மாறிப் புதியவர் வந்திருக்கிறார். லயத்துக்குப் பெயின்ட் அடிக்கப்போகிறார்கள், வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர் பார்க்க வருவார்களாம், முன்பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். துருத்திக்கொண்டிருப்பது உன் அறை ஒன்றுதான். அக்கா மூன்று நாளாகக் கதவைத் திறக்கவில்லை என்றார்.

சனிக்கிழமை போனேன். அக்கா எனக்கு மட்டும் கதவைத் திறந்தாள். சுவரில் உன் துணிக்கடைக் கலண்டர் இன்னும் இருக்கிறது. அவள் இப்போது தையல் தைக்கிறாள். பேசுகிறாள், கொஞ்சம். "இத ஒடச்சா நா மறுபடி வெளிநாடு போயிருவேன்" என்றாள். அதைவிடப் பெரிய பயமுறுத்தல் அவளிடம் இல்லை. மேலே நீ சுருட்டி அடைத்த துணிகளைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

நீ கனவு காணாதே என்று சொல்வாய், தெரியும். எனக்கும் தெரியும். அந்தப் பழைய இங்கிலிஷ் வழக்கம் காணி உள்ளவனுக்கு. நமக்குக் காணி இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு சொல்லைக் கொண்டுபோய்த் தொரையின் மேசையில் வைத்தால் அறை நின்றுவிடும் என்று நம்ப நான் சின்னப் பிள்ளை இல்லை. ஆனால், அவர்கள் ஊரிலும் சனம் மழைத்தண்ணீரைப் பார்த்துத்தான் எல்லை வைத்தார்கள், நாமும் அப்படித்தான் வைத்தோம். அவர்களுடையது சட்டமாகி, சொல்லாகி, அகராதிக்குள் போய்விட்டது. நம்முடையது புளியங்கொட்டை விளையாடும் குழியாகவே இருக்கிறது. இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் சொல்லட்டும் யாராவது.

அன்றே தொழிற்சங்கத் தலைவரோடு ஆபீசுக்குப் போனபோது, நல்ல வேளை, மழை. அதே ஜன்னல். பெயின்ட் தகரம் மட்டும் இல்லை. புதிய தொரை இளைஞர், மரியாதையானவர். கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. தேநீர் குடிக்கிறீர்களா என்று தமிழிலேயே கேட்டார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அறை அழகைக் கெடுக்கிறது, எல்லாருக்கும் ஒரே நியாயம்தானே என்றார்.

சுவர் வரைக்கும்தான் எங்களுக்கா என்று கேட்டேன். அது தோட்டத்துக் கட்டடம் என்றார். சுவருக்கு வெளியே தண்ணீர் விழுகிற வரைக்கும் உள்ள மண், அம்மாவும் அம்மாவுக்கு அம்மாவும் பெருக்கிய மண், அது யாருடையது என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். நிறுத்தினார். தலைவர் கூரையைப் பார்த்தார். நான் மேலே பேச வாயெடுத்தேன், உன் ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன். கூரைத் தண்ணீர் உள்ளங்கையில் விழுந்து சத்தம் நின்றது. அவர் நிறுத்தியது அறை முழுவதும் கேட்டது. நீயும் கேட்டிருப்பாய்.

கையை எடுக்காமலே இன்னொரு தடவை கேட்டேன்.

"சொல்லுங்க சேர். தண்ணி விழுற எடம் யாரோடது?"